முதுகில் செலுத்தும் துணைமருந்துகள்

காலில் அறுவை சிகிச்சை செய்ய, முழுமயக்கம் தராமல், முதுகுத்தண்டு நீரில் புப்பிவக்கேன் செலுத்துவார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். (இச்சொல் நம் பாட்டிமார்களுக்கும் புரியும்!) சில மணி நேரத்தில் மரப்பு விலக, வலி தலைதூக்கும். அதைத் தள்ளிப்போடவே துணைமருந்து.

ஃபெண்டனில் கொழுப்பில் எளிதாகக் கரைவதால் நரம்புத் திசுவில் விரைந்து புகும். 2 முதல் 4 மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மார்ஃபினோ அந்நீரிலேயே தங்கி, ஏறக்குறைய ஒரு நாள் வலியைத் தணிக்கும். அரிப்பும் குமட்டலும் வரலாம், அவற்றைச் சமாளிக்கலாம். ஆனால், மருந்து அந்நீரோடு மெல்ல மூளைப்பக்கம் ஏறி, பல மணி நேரம் கழித்தும் மூச்சைத் தளர்த்தலாம்.

மூட்டுமாற்று நோயாளிக்கு 0.1 மில்லிகிராம் மார்ஃபினே நல்லது என்பேன், இரவு முழுதும் மூச்சை எண்ணத் தாதி இருந்தால். அன்றே வீடு திரும்புபவருக்கு ஃபெண்டனில் போதும்.