கடற்பயணம் தேர்ந்தெடுக்கும் முறை: ஓர் ஆய்வு

முன்னுரை

குமரி மாவட்டத்தில் பிறந்தவர்க்குக் கடல் புதிதன்று. தோவாளையிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் முக்கடல் கூடும் துறையை அடைந்துவிடலாம். ஆயினும் கடற்கரை ஊர்களின் மீனவப் பெருமக்கள் நீங்கலாக, நாஞ்சில் நாட்டார் வயலும் குளமும் பூந்தோட்டமுமாக வாழ்பவர்கள். கடலைக் கரையில் நின்று கும்பிடுவோர் பலர். அதன்மேல் செல்வோர் சிலர்.

இன்றோ, உல்லாசக் கப்பல் பயணம் பற்றிய விளம்பரங்கள் சிற்றூர்களையும் எட்டிவிட்டன. நடுத்தரக் குடும்பங்களும் அதைப் பற்றிப் பேசுகின்றன. எந்தக் கப்பலில், எந்த ஊருக்கு, எந்தப் பருவத்தில் செல்வது என்பதை எப்படி முடிவு செய்வது? இதுவே இக்கட்டுரையின் பொருள். வரலாற்று மாணவி என்ற முறையில் பழமையை முதலில் தொட்டுக்காட்டி, பின்னர் நடைமுறைக்கு வருகிறேன்.

தமிழரும் கப்பலும்

நாவாய், கலம், வங்கம் எனக் கப்பலுக்குப் பல பெயர் வைத்த மொழி நம்முடையது. எனினும் நம் முன்னோர் கப்பலேறியது பொருளுக்காகவும் போருக்காகவும் பிழைப்புக்காகவுமே. 1906-இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியதும் விடுதலை வேட்கையால் அன்றி வேடிக்கைக்காக அன்று. 1926-இல் கட்டப்பெற்ற ‘ரஜுலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களுக்கிடையே 1973 வரை ஓடியது. அதன் மேல்தளத்தில் பாய்விரித்துப் படுத்துச் சென்றவர்கள் எண்ணற்றோர். அதற்குப் பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். அத்துடன் அந்த நெடுவழி முடிவுக்கு வந்தது.

இலங்கை வழியோ இன்னும் நெருக்கமானது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேசுவரத்திலிருந்து ஓடிற்று. 1984-இல் இலங்கைப் போர்ச் சூழலால் நின்றது.

உல்லாசத்திற்கென்றே கடலில் செல்லும் வழக்கம் ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் தோன்றியது. 1891-இல் ‘அகஸ்டா விக்டோரியா’ என்னும் ஜெர்மானியக் கப்பல் மத்தியதரைக் கடலைச் சுற்றிவந்தது. குளிர்காலத்தில் அட்லாண்டிக் பயணிகள் குறைந்து கப்பல் சும்மா கிடந்ததே இதற்குக் காரணம். பின்னர் 1950, 60-களில் ஜெட் விமானம் பெருகவே, ஊர் சேர்வதற்குக் கப்பலை நாடுவோர் குறைந்தனர். கப்பல் நிறுவனங்கள் பயணத்தையே விற்கத் தொடங்கின. ஆகவே உல்லாசக் கப்பலில் கப்பலே பாதி ஊர் என்பதை நாம் மறக்கலாகாது.

எங்கள் வீட்டுக் கேள்வி

இது எனக்கு வெறும் ஏட்டுக் கேள்வியன்று. என் தாயார் பூக்கட்டிச் சேர்த்த சீட்டுப் பணம் தை மாதம் கைக்கு வருகிறது. என் பாட்டா இளமையில் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். தனுஷ்கோடியில் கப்பலேறிப் பலமுறை போய்வந்தவர். ஆச்சி ஒருமுறையும் சென்றதில்லை. பாட்டா மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆச்சிக்கு வயது 78. “அவரு போன கடல்ல நானும் ஒருக்கப் போணும் மக்ளே, அந்தக் கொளும்பையும் பாக்கணும்” என்பது அவர் ஆசை. சீட்டுப் பணம் ஒருமுறைதான் வரும். ஆச்சியின் முழங்கால் இன்னும் எத்தனை ஆண்டு தாங்குமென்று சொல்ல இயலாது. தவறாகத் தேர்ந்தால் மறுமுறை இல்லை. ஆதலால் நான் பல செய்திகளைத் திரட்டி ஒப்புநோக்கினேன். அதில் தெளிந்தவற்றை இங்கே தருகிறேன்.

முதல் அளவுகோல்: நோக்கம்

எங்கள் தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ வாங்க வருபவர் விலையை மட்டும் கேட்பதில்லை. உள்ளூர்க் கோயிலுக்கா, தொலைவூருக்கா என்று பார்த்தே வாங்குவார். தொலைவு செல்லும் பூ மொட்டாக இருக்கவேண்டும். கடற்பயணமும் அவ்வாறே. எதற்காகச் செல்கிறோம் என்பது முதலில். எங்கே என்பது அடுத்து. எந்தக் கப்பல் என்பது அதற்கும் அடுத்தது. விளம்பரமோ இவ்வரிசையைத் தலைகீழாக்கிக் கப்பலை முதலில் காட்டுகிறது.

ஓய்வும் ஆட்டபாட்டமும் வேண்டுவோர்க்கு உல்லாசக் கப்பல் ஏற்றது. இயற்கையைக் காண விழைவோர்க்குத் தீவுகள் ஏற்றவை. ஓர் ஊரில் தங்கி மனிதரையும் இடங்களையும் காண விரும்புவோர்க்குச் சாதாரணப் பயணிகள் கப்பலே போதும்.

இரண்டாம் அளவுகோல்: பருவம்

கடலுக்கும் பருவம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் அரபிக்கடல் கொந்தளிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல்கள் உருவாகும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்துக்குச் செய்ததை நாம் மறக்கவில்லை. தை, மாசி, பங்குனி மாதங்களில் இரு கடல்களும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். 2022, 2023 ஆண்டுகளில் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல் ஜூன் மாதத்தில் புறப்பட்டதற்கும் இதுவே விளக்கம். அரபிக்கடல் சீறும் காலத்தில் கப்பல் கிழக்குக் கரைக்கு வந்தது.

மூன்றாம் அளவுகோல்: கப்பலும் அறையும்

கப்பலின் அளவை ‘மொத்தத் டன்’ என்று குறிப்பார்கள். இது எடை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இது கப்பலின் உள்ளிடக் கொள்ளளவைக் காட்டும் எண். சென்னையிலிருந்து சென்ற ‘எம்ப்ரஸ்’ 1990-இல் கட்டப்பட்டது; சுமார் 48,500 டன். 2024-இல் அமெரிக்காவில் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ சுமார் 2,48,000 டன். நீளம் 365 மீட்டர். பெரிய கப்பலில் ஆட்டம் குறைவு, கேளிக்கை மிகுதி. ஆனால் சிறு துறைமுகங்களுக்குள் அதனால் நுழைய இயலாது.

அறைகள் நால்வகைப்படும்: சன்னலற்ற உள்ளறை, கடல்நோக்கிய அறை, மாடமுள்ள அறை, பேரறை. சன்னலற்றது மலிவு. ஆட்டத்துக்கு அஞ்சுவோர் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேட்கவேண்டும். ஊஞ்சலின் கயிறு கட்டிய இடத்தில் அசைவு குறைவு, நுனியில் மிகுதி என்பதை ஒத்தது இது. கடல் மயக்கம் என்பது உட்காது உணரும் அசைவும் கண் காணும் காட்சியும் முரண்படுவதால் வருவது. அறைக்குள் முடங்கியிருந்தால் மிகும்; தளத்துக்கு வந்து அடிவானத்தை நோக்கினால் குறையும்.

கட்டணத்தில் அறையும் உணவும் பெரும்பாலான கேளிக்கைகளும் அடங்கும். துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர் அன்பளிப்பு, கரைச் சுற்றுலா ஆகியவை தனியாக வரக்கூடும். எனவே, விளம்பரத் தொகையைப் பார்க்காமல், எல்லாம் சேர்ந்த இறுதித் தொகையை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். வழியில் துறைமுகத்தை மாற்றவோ விடவோ கப்பல் நிறுவனத்துக்கு உரிமை உண்டென்று பயண ஒப்பந்தங்கள் கூறுகின்றன. 2022 ஜூனில் சென்னையிலிருந்து சென்ற கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதி கிடைக்காமையால் பயணிகள் அங்கே இறங்க இயலவில்லை.

பாதுகாப்பையும் கேட்டறியவேண்டும். 2012-இல் இத்தாலியக் கரையருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ கவிழ்ந்து 32 பேர் மாண்டபின், கப்பல் புறப்படுமுன்னரோ புறப்பட்ட உடனேயோ உயிர்காப்புப் பயிற்சி நடத்தவேண்டும் என்பது பன்னாட்டு விதியாயிற்று. அப்பயிற்சியை விளையாட்டாக எண்ணித் தவிர்ப்பது பேதைமை.

மூன்று வழிகள்: ஓர் ஒப்பீடு

நமக்கு எட்டக்கூடிய மூன்று வழிகளை எடுத்துக்கொண்டேன்.

முதலாவது, சென்னை உல்லாசக் கப்பல். 2023 ஜூன் 5-ஆம் நாள் சென்னையிலிருந்து இலங்கைக்கு முதல் பன்னாட்டு உல்லாசக் கப்பல் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகியன அதன் துறைமுகங்கள். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு துறையிலும் சில மணி நேரமே தங்கல். கொழும்பு அதில் இல்லை.

இரண்டாவது, இலட்சத்தீவு. கொச்சியிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவு. 36 தீவுகளில் மக்கள் வாழ்பவை 10. அரசின் முன்னனுமதியின்றி வெளியார் நுழைய இயலாது. பவளப்பாறைக் கடலின் அழகு சொல்லில் அடங்காது. ஆனால் பல தீவுகளில் கப்பல் கரையணைவதில்லை. ஆடும் கப்பலிலிருந்து ஆடும் சிறு படகுக்கு மாறவேண்டும். அத்தீவுகளின் நன்னீர் மணலுக்கடியில் மெல்லிய படலமாக நிற்பது. விருந்தினர் பெருகினால் வீட்டாரின் குடிநீரே குறையும். ஓர் ஊரைத் தேர்ந்தெடுப்பவர் அவ்வூர் தம்மைத் தாங்குமா என்பதையும் எண்ணவேண்டும்.

மூன்றாவது, நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல். 2023 அக்டோபர் 14-இல் தொடங்கிச் சில நாள்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்ட் 16-இல் ‘சிவகங்கை’ கப்பலுடன் மீண்டும் தொடங்கிற்று. சுமார் 60 கடல் மைல்; ஏறத்தாழ நான்கு மணி நேரம்; முழுவதும் பகற்பொழுது. ஆடம்பரம் இல்லை, ஆனால் அக்கரையில் நாம் விரும்பும் நாள் தங்கலாம். காங்கேசன்துறையிலிருந்து கொழும்புக்கு இரயில் பாதை உண்டு. போரில் சிதைந்த அப்பாதை 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை மீண்டும் திறக்கப்பட்டது. குறையென்னவெனில், வானிலையால் கப்பல் நிறுத்தப்படுவதுண்டு. 2011 ஜூனில் தொடங்கிய தூத்துக்குடி - கொழும்புக் கப்பல் அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றதையும் நினைவிற்கொள்க. ஆதலால் திரும்பும் நாளை ஒட்டி வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ளலாகாது. கையில் மூன்று நாள் செலவுப்பணம் மிகுதியாக இருக்கவேண்டும்.

சோதனையும் முடிவும்

முடிவு செய்யுமுன் ஒரு சோதனை நடத்தினோம். ஆச்சியைக் கன்னியாகுமரிக்கு அழைத்துச் சென்று, பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகில் விவேகானந்தர் பாறைக்குப் போய்வந்தோம். அவருக்கு மயக்கமோ குமட்டலோ இல்லை. காற்று முகத்தில் அடிக்க, சிறுபிள்ளை போல் சிரித்தார். ஆனால் படகில் கால் வைத்து ஏற இருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. இந்த ஒரு செய்தி இலட்சத்தீவை விலக்கிவிட்டது. அவர் காண விரும்புவது கொழும்பு என்பது உல்லாசக் கப்பலை விலக்கிற்று. நாகப்பட்டினமே எஞ்சியது.

பங்குனியில் செல்வதென முடிவு. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துள்ளோம். இலங்கை நுழைவு விதிகள் மாறக்கூடியவை. புறப்படும் மாதத்தில் அவற்றை மீண்டும் சரிபார்க்க எண்ணியுள்ளோம். வெயிலின் காரணமாகக் கொழும்புப் பயணத்தை இரண்டு பகுதியாகப் பிரித்து, யாழ்ப்பாணத்தில் இரு நாள் தங்குவோம். உல்லாசக் கப்பலின் நீச்சல் குளத்தைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆயினும் பூக்கட்டிய கைகளின் பணம் எதற்கு என்பது தெரிந்தபின் என் ஆசை தானே பின்வாங்கியது.

முடிவுரை

மாணவ நண்பர்களே, சுருக்கமாகச் சொல்வதாயின்: நோக்கத்தைக் கொண்டு ஊரையும், ஊரைக் கொண்டு கப்பலையும், கடலைக் கொண்டு மாதத்தையும் தேர்ந்தெடுங்கள். உடன் வருவோருள் உடல் வலிமை குறைந்தவர் யாரோ அவரையே அளவாக வையுங்கள். சிறு படகில் ஒருநாள் சென்று பார்த்தபின் பெருங்கப்பலுக்குப் பணம் கட்டுங்கள். கடவுச்சீட்டும் காப்பீடும் நாள்பட்ட நோய்க்கான மருந்தும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

நம் முன்னோர் பிழைப்பைத் தேடிக் கடல் கடந்தனர். நாம் மனநிறைவைத் தேடிக் கடக்கும் காலத்தில் வாழ்கிறோம். அந்நிறைவு கப்பலின் தளங்கள் எத்தனை என்பதில் இல்லை. யாரை, எதற்காக, எங்கே அழைத்துச் செல்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.