வயலின் விரலுக்கு எர்ஹு

கேள்வி: டெல்லிப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். கர்நாடக வயலின் வாசிப்பேன். சீனத்து எர்ஹு மீது ஆசை. இங்கே சேர்ந்து பழகக் குழு உண்டா? – மாணவி, ஆர்.கே.புரம்

பதில்: 1960-இல் தொடங்கிய உங்கள் பல்கலைக்கழக இசைப்புலம் இந்துஸ்தானிக்கும் கர்நாடகத்துக்கும்தான். சீன வாத்தியக் குழுவில் மாணவியாகவே வாசிக்க வேண்டுமென்றால், மேற்படிப்புக்குச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தை யோசியுங்கள். அங்கே அப்படியொரு மாணவர் குழு இருக்கிறது.

எர்ஹுவுக்கு இரண்டே தந்திகள். வில்லின் மயிர் அவற்றுக்கு நடுவே கோத்திருக்கும். விரல் பதிக்கப் பலகை கிடையாது. தந்தியை அந்தரத்திலேயே அழுத்த வேண்டும். ஆரம்பத்தில் சுருதி நழுவும், வீட்டார் பொறுத்துக்கொள்ளட்டும்! ஆனால் கமகம் பழகிய கைக்கு அதன் இழைவு சீக்கிரம் பிடிபடும் என்றே நினைக்கிறேன். இசைக்குறிப்பும் மிரட்டாது: 1 முதல் 7 வரை எண்கள். 1 என்றால் நம் ஸட்ஜம்போல, சுருதிக்கேற்ப இடம் மாறும்.

வாங்கும்போது கவனம். எர்ஹுவின் முகத்தில் வழக்கமாக மலைப்பாம்புத் தோல் போர்த்தியிருப்பார்கள். அனுமதிச்சீட்டு இல்லாமல் கொண்டுவந்தால் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். செயற்கைத் தோல் போட்டதே உத்தமம். வாத்தியம் கைக்கு வரும்வரை, மோகன வீணைக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டும் எர்ஹுக் கலைஞர் ஜீ-பிங் சென்னும் சேர்ந்து வாசித்த ‘டாபுலா ராசா’ (1996) இசைத்தொகுப்பைக் கேளுங்கள்.