செட்டில்மெண்ட் பணம் சொத்து அல்ல

மறைமலை நகர் ஃபோர்டு ஆலையை மூடப்போகிறோம் என்ற அறிவிப்பு 2021 செப்டம்பர் 9 அன்று வந்தது. கடைசிக் கார் 2022 ஜூலையில் வெளியே போனது. சுமார் 2,600 பெர்மனென்ட் தொழிலாளர்கள். அந்தப் பத்து மாதமும் அதற்குப் பிறகு சில வாரங்களும் பேச்சு, போராட்டம், பத்திரிகைச் செய்தி எல்லாமே ஒரே ஒரு எண்ணைச் சுற்றித்தான் ஓடின: ஒரு வருட சர்வீசுக்கு எத்தனை நாள் சம்பளம்? அப்போது நடப்பில் இருந்த தொழில் தகராறுகள் சட்டம் சொன்னது 15 நாள். பேச்சுவார்த்தையில் அது படிப்படியாக ஏறி, முடிவில் சராசரியாக 130 நாள் மொத்தச் சம்பளம் என்று நின்றது. பதினைந்து எங்கே, நூற்று முப்பது எங்கே! வாங்கிக்கொடுத்த போராட்டத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கின் அடிப்படையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. அது தொழிலாளி ஏற்கெனவே உழைத்து முடித்த வருடங்களை எண்ணுகிறது. அவர் இழப்பதோ, இனி உழைத்திருக்க வேண்டிய வருடங்களை. 55 வயதுக்காரருக்குப் பெரிய தொகை கிடைக்கிறது. அவர் இழப்பது மூன்று வருடச் சம்பளம். 30 வயதுக்காரருக்குச் சின்னத் தொகை. அவர் இழப்பது 28 வருடம். ஆகவே செட்டில்மெண்ட் தொகையைப் பரிசாகவோ சேமிப்பாகவோ பார்க்காமல், வரப்போகும் சம்பளத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வதுதான் சரி என்பது என் வாதம். ஆலை மூடலைச் சந்திக்கும் குடும்பம் எடுக்க வேண்டிய முடிவுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பார்வையிலிருந்தே வந்துவிடும்.

உடனே வரும் எதிர்க்கேள்வி தெரிந்ததுதான். ‘லட்சம் லட்சமாக வாங்கிக்கொண்டு போனார்கள், இன்னும் என்ன குறை?’ ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை; நடைமுறைக்குத் தூரமானவை அல்ல. வயது 38, சர்வீஸ் 15 வருடம், மாதச் சம்பளம் 60,000 ரூபாய். கையில் வருவது 40 லட்சம் என்று கொள்வோம். அடுத்து கிடைக்கும் வேலையில் சம்பளம் 22,000. மாதம் 38,000 துண்டு விழுகிறது, வருடத்துக்கு 4,56,000. நாற்பது லட்சத்தையும் 7 சதவீத வட்டியில் போட்டு, ஒரு ரூபாய்கூட வேறு செலவு செய்யாமல், விழும் துண்டை மட்டும் அதிலிருந்து எடுத்து ஈடுகட்டினால் பணம் 14 வருடம் வரும். 52 வயதில் தீர்ந்துவிடும். ஓய்வு வயது 58 என்றால் இன்னும் ஆறு வருடம் பாக்கி. இதில் விலைவாசி ஏற்றத்தைச் சேர்க்கவில்லை. பழைய வேலையில் வந்திருக்கக்கூடிய சம்பள உயர்வையும் சேர்க்கவில்லை. வருமான வரியையும் கழிக்கவில்லை. இந்த வகை இழப்பீட்டுக்கு வரிவிலக்கின் உச்சவரம்பு 5 லட்சம்தான் என்பது காசோலை கைக்கு வந்த பிறகுதான் பலருக்கு உறைக்கிறது.

இப்போது அதே கணக்கில் ஒரே ஒரு மாற்றம். பணம் வந்த சூட்டோடு 15 லட்சத்துக்கு ஒரு மனை வாங்கிப் போடுகிறார். மீதி 25 லட்சம் எத்தனை வருடம் வரும்? ஏழு. ‘மனை எங்கே போய்விடும், விலை ஏறத்தானே செய்யும்’ என்பார்கள். ஏறலாம். ஆனால் மனை மாதாமாதம் அரிசி வாங்கித் தராது. ஏழாவது வருடம் அவசரத்துக்கு விற்கப் போகிறவர் சொல்லும் விலைக்கு யாரும் வாங்கவும் மாட்டார்கள். காதுகுத்து, கல்யாணம், மைத்துனருக்குக் கைமாற்று என்று போவதும் இப்படித்தான்: 40 லட்சத்தில் ஒரு லட்சம் என்பது சின்னதாகத் தெரிகிறது, துண்டு விழும் கணக்கில் அது கிட்டத்தட்ட மூன்று மாதம். அதிக வட்டிக்கு ஆசைகாட்டும் நிதி நிறுவனங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மறைமலை நகரில் கடைசிக் கார் உருண்ட அதே 2022-இல்தான் அப்படி ஆசைகாட்டிய ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் மீது மோசடி வழக்கும் பதிவானது.

பணத்தை என்ன செய்வது? இரண்டு வருடத் துண்டை (மேலே சொன்ன உதாரணத்தில் ஒன்பது லட்சத்துக்குச் சற்று மேல்) எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி வங்கியில் தனியாக வைத்துவிட வேண்டும். மிச்சத்தில், வீட்டுக்கடனுக்கு நீங்கள் கட்டும் வட்டி வைப்புநிதிக்குக் கிடைக்கும் வட்டியைவிட அதிகமாக இருந்தால், கடனைக் குறைப்பதுதான் லாபம், இ.எம்.ஐ. குறைந்தால் துண்டும் குறையும். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் கணவன் மனைவி கூட்டுக்கணக்காக 15 லட்சம் வரை போடலாம். பழைய சம்பளம் எந்தத் தேதியில் வந்ததோ அதே தேதியில், நிர்ணயித்த தொகை மட்டும் வீட்டுச் செலவுக் கணக்குக்கு வரும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். சின்ன ஏற்பாடுதான். ஆனால் மொத்தப் பணத்தையும் தினமும் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு, அது சம்பளம் என்பது மறந்துபோகும்.

இரண்டாவது எதிர்க்கேள்வி இன்னும் வலுவானது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மகேந்திரா சிட்டி என்று சுற்றிலும் தொழிற்சாலைகள். திறமைசாலிக்கு வேலையா கிடைக்காது? வேலை கிடைக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. எந்தச் சம்பளத்தில் என்பதுதான் கேள்வி. இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே லாங்பிரிட்ஜில் எம்.ஜி. ரோவர் ஆலை 2005 ஏப்ரலில் மூடியபோது சுமார் 6,000 பேர் வேலை இழந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தபோது பெரும்பாலோர் ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். சராசரிச் சம்பளம் மட்டும் கீழே இறங்கியிருந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா தொழிலாளர்களை வைத்து 1993-இல் வெளியான ஜேக்கப்சன், லலோண்ட், சல்லிவன் ஆய்வும் இதையே சொன்னது: பெரிய அளவில் ஆட்குறைப்பு நடந்த நிறுவனங்களிலிருந்து வெளியேறிய நீண்டகாலத் தொழிலாளர்களுக்கு, ஐந்தாறு வருடம் கழிந்த பின்னும் வருமானம் கிட்டத்தட்ட 25 சதவீதம் குறைவு. இங்கே நிலைமை அதைவிட எளிது என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. நம் ஆலைகளின் லைனில் பாதி வேலையை ட்ரெய்னிகளும் அப்ரென்டிஸ்களும் கான்ட்ராக்ட் ஆட்களும் பார்க்கிறார்கள். ஐ.டி.ஐ. முடித்த இருபது வயதுப் பையன் கிடைக்கும்போது, 40 வயதில் சங்க அனுபவத்தோடு வருகிறவரைக் கூப்பிட எந்த ஹெச்.ஆரும் அவசரப்பட மாட்டார்.

அதனால்தான் கேட் மூடுவதற்கு முன் வாங்க வேண்டிய காகிதங்களில் அனுபவச் சான்றிதழை முதலில் வைக்கிறேன். ‘இன்னார் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை ஆபரேட்டராகப் பணிபுரிந்தார்’ என்ற இரண்டு வரிக் கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. பாடி ஷாப்பா, பெயின்ட் ஷாப்பா, இன்ஜின் அசெம்பிளியா. எந்த ரோபோவை இயக்கினார், எத்தனை பேர் கொண்ட டீமுக்குப் பொறுப்பாக இருந்தார், என்னென்ன பயிற்சி முடித்தார் என்பதெல்லாம் கம்பெனி முத்திரையோடு எழுத்தில் வர வேண்டும். பதினைந்து வருடத் திறமை அந்த ஆலையின் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. பதிவேட்டை வைத்திருப்பவர்கள் கலைந்துபோன பிறகு யாரிடம் போய்க் கேட்பது? அதேபோல செட்டில்மெண்ட் பத்திரத்தில் ‘எல்லாம் சேர்த்து’ என்ற சொல் எங்கே வருகிறது என்று பாருங்கள். கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளம், போனஸ் பாக்கி ஆகியவை தனித்தனி வரியில், தனித்தனித் தொகையாக இருக்கின்றனவா? கிராஜுவிட்டி சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டிய பணம். அதை இழப்பீட்டுக்குள் கரைத்துக் காட்டினால் தொகை பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். பி.எஃப்.-ஐயும் அவசரப்பட்டுத் துடைத்து எடுத்துவிட வேண்டாம். பத்து வருட சர்வீஸ் முடிந்திருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியத்துக்கு உரிமை உண்டு. சிறிய தொகைதான், ஆனால் சாகும்வரை வருவது.

சம்பளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் பலர் தவறவிடுவது மருத்துவக் காப்பீடு. பெர்மனென்ட் தொழிலாளியின் குடும்பத்துக்கு, பல கம்பெனிகளில் வயதான அப்பா அம்மாவுக்கும் சேர்த்து, கம்பெனி பாலிசி இருக்கும். வேலை முடியும்போது அதுவும் முடியும். பிறகு வெளியே போய் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள 65 வயது அம்மாவுக்குப் புதிதாகப் பாலிசி கேட்டால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். குழு பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு, முடித்த காத்திருப்புக் காலத்தை இழக்காமல் மாற விதிமுறையில் வழி இருக்கிறது. பழைய பாலிசி உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். செட்டில்மெண்டில் கூடுதலாக ஐந்து நாள் சம்பளம் கேட்டு வாதாடுவதைவிட, காப்பீட்டை ஒரு வருடம் நீட்டித்துத் தரச்சொல்லிச் சங்கம் கேட்டால் சில குடும்பங்களுக்கு அதிக லாபம் என்றே நினைக்கிறேன்.

எத்தனை நாள் என்ற கணக்குக்குள் வராதவர்கள் கான்ட்ராக்ட் தொழிலாளர்களும் உதிரிபாகக் கம்பெனிக்காரர்களும். அவர்களைப் பற்றிக் குறைவாகவே எழுதப்படுகிறது. எனக்கும் இதில் பெரிதாகச் சொல்ல நல்ல செய்தி இல்லை. ஒன்று உண்டு: மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி ஈ.எஸ்.ஐ.-இல் இருந்தவர்களுக்கு, தகுதி இருந்தால், வேலையிழந்த காலத்தில் சராசரி நாள் வருமானத்தில் 50 சதவீதம் 90 நாள் வரை கிடைக்கும். அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்பது அதன் பெயர்; பெயர் வாயில் நுழையாததாலோ என்னவோ, கேட்பவர்கள் குறைவு. இன்னொன்று, கான்ட்ராக்டர் உங்கள் பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதியைப் பதிந்தாரா என்று பாருங்கள். அது இல்லாமல்தான் பலருடைய பணம் மாதக்கணக்கில் நிற்கிறது. இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளியே இணையத்தில் பதிந்துகொள்ளலாம்.

வீட்டுக்குள் நடப்பதைப் பணக்கணக்கு முழுதாகக் காட்டாது. ஏ ஷிப்டுக்கு விடியுமுன் கம்பெனி பஸ், பி ஷிப்ட் என்றால் நள்ளிரவுச் சாப்பாடு என்று அந்த வீட்டின் அடுப்பே ஆலையின் மணிக்கு எரிந்தது. பெண் கேட்டுப் போகும்போது கம்பெனிப் பெயரே பாதி ஜாதகம். அந்தப் பெயர் போன பிறகு வங்கி விண்ணப்பத்தில் ‘பணிபுரியும் நிறுவனம்’ என்ற கட்டத்தில் பேனா நிற்கிறது. இதெல்லாம் வெறும் மனவருத்தம், நாளடைவில் ஆறிவிடும் என்பவர்களுக்கு ஆய்வுகள் வேறு பதில் சொல்கின்றன. சல்லிவனும் வான் வாக்டரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நீண்டகால வேலையை ஆட்குறைப்பில் இழந்த ஆண்களின் இறப்பு விகிதம் அடுத்த வருடத்தில் 50 முதல் 100 சதவீதம் வரை உயர்ந்திருந்தது. அமெரிக்காவில் கார் ஆலை மூடிய மாவட்டங்களில், ஐந்து வருடம் கழித்து ஓபியாய்டு போதை மருந்து இறப்புகள் எதிர்பார்த்ததைவிட 85 சதவீதம் அதிகம் என்று 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. கனடாவில், ஆலை மூடியதால் வேலையிழந்த தகப்பன்மாரின் மகன்கள் பெரியவர்களான பிறகு, மற்றவர்களைவிட 9 சதவீதம் குறைவாகச் சம்பாதித்தார்கள். அங்குள்ள போதை மருந்து இங்கில்லை. ஆனால் டாஸ்மாக் எந்த ஊரிலும் தூரமில்லை. வீட்டில் யாருக்கும் தொகையைச் சொல்லாமல், ‘எல்லாம் நான் பார்த்துக்கிறேன்’ என்று ஒருவரே சுமப்பதுதான் இதில் மோசமான வழி. செட்டில்மெண்ட் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே மனைவி அதைப் படித்திருக்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் துண்டுக் கணக்கில் கடைசியாகக் கைவைக்க வேண்டிய இனம்.

நஷ்டத்தில் ஓடும் ஆலையை எத்தனை நாள் நடத்த முடியும் என்பது கடைசி எதிர்வாதம். பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றது ஃபோர்டு. மூடும் உரிமையை நான் கேள்வி கேட்கவில்லை; மூடும் விதத்தைத்தான் கேட்கிறேன். ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் 2013 டிசம்பரில் அறிவித்து, 2017 அக்டோபரில்தான் எலிசபெத் ஆலையை மூடியது. கிட்டத்தட்ட நான்கு வருடம். சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே வேறு தொழில் கற்க அவகாசம் இருந்தது. அங்கும் எல்லோரும் கரையேறவில்லை, உண்மைதான். ஆனால் பத்து மாதத்துக்கும் நான்கு வருடத்துக்கும் வித்தியாசம் உண்டு. குஜராத்தில் இருந்த ஃபோர்டின் சாணந்த் ஆலையை டாடா வாங்கியபோது அங்கிருந்த தொழிலாளர்களுக்கு வேலையும் சேர்ந்து கைமாறியது; மறைமலை நகருக்கு அப்படி ஒருவர் வரவில்லை. ஒரே கம்பெனி, ஒரே அறிவிப்பு. இனிமேல் உதிரிபாகக் கம்பெனித் தொழிலாளர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, மூடுவதற்கு அரசின் முன் அனுமதி 300 தொழிலாளர்களும் அதற்கு மேலும் உள்ள ஆலைகளுக்குத்தான். முன்பு அந்த எண்ணிக்கை 100.

2025 அக்டோபரில் ஃபோர்டு திரும்பி வருவதாக அறிவித்தது. 3,250 கோடி ரூபாய் முதலீடு, இன்ஜின் உற்பத்தி, 600-க்கு மேல் வேலைகள், 2029-இல் தொடக்கம். 2022-இல் 40 வயதில் அந்த கேட்டை விட்டு வெளியே வந்தவருக்கு அப்போது 47 வயது.