பன்றிக் காவலும் துப்பாக்கியும்: இளைஞர்கள் அறிய வேண்டியவை

நிலக்கடலை காய் பிடிக்கும் சமயத்திலும், மக்காச்சோளம் பால் பிடிக்கும் சமயத்திலும் காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்தால் விடிவதற்குள் வயல் உழுது போட்டதுபோல் ஆகிவிடுகிறது. அவை தின்பது கொஞ்சம். கிளறிப் பாழாக்குவது அதிகம். மலையடிவார ஊர்களில் இருந்த இந்தத் தொல்லை, ஏரிக்கரைச் சீமைக்கருவேல் புதர்களிலேயே பன்றிகள் தங்கிக் குட்டி போடத் தொடங்கியபின் சமவெளிக்கும் வந்துவிட்டது. இரவுக் காவலுக்குப் பெரும்பாலும் வீட்டு இளவட்டங்களே போகிறார்கள். "ஒரு துப்பாக்கி மட்டும் இருந்தால் பையன் பார்த்துக்கொள்வான்" என்ற பேச்சும், எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா நல்லது என்ற விசாரணையும் கூடவே எழுகின்றன.

சட்டம் சொல்வது

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 21 வயது நிறையாதவர் துப்பாக்கி வாங்கவோ, வைத்திருக்கவோ, எடுத்துச் செல்லவோ கூடாது. தந்தை பெயரில் உரிமம் இருந்தால் மகன் அதை எடுத்துக்கொண்டு காவலுக்குப் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. உரிமம் யார் பெயரில் உள்ளதோ அவருக்கு மட்டுமே.

பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் பெற அச்சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அங்கே முதலில் சொல்லப்படுவது, குழல் வாய் வழியாகக் கருமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிதான். அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், உட்புறம் வழவழப்பான குழலுடைய வேறு துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். ரைபிள் இந்த வகையில் சேராது.

துப்பாக்கி உரிமம் வேறு, பன்றியைச் சுடும் அனுமதி வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் காட்டுப்பன்றி உள்ளது. தமிழகத்தில் 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் அவற்றைப் பிடித்துக் காட்டில் விடவேண்டும். 1 கிலோமீட்டருக்குள் சுடுவதற்கு இடமில்லை. எங்கேயானாலும் விவசாயி தாமே சுடுவதற்கு இந்த ஆணை அனுமதி தரவில்லை. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் உத்தரவிட்டால் உரிமம் பெற்றவர்கள் சுடும் ஏற்பாடு உண்டு. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இங்கும் அப்படித்தான் என்று எண்ணிவிடக்கூடாது.

தோட்டாவின் உதை

வழவழப்பான குழலில் ஒரே தோட்டாவிலிருந்து பல ஈய ரவைகள் பரவிச் செல்கின்றன. 35 மீட்டர் தாண்டினால் அவற்றின் வேகம் தணிந்து இடைவெளியும் அதிகமாகிவிடும். ரைபிளின் உட்புறத்தில் திருகு வரிகள் உண்டு. அவை ஒற்றைக் குண்டைச் சுழற்றி அனுப்புகின்றன. ரைபிள் வகைகளில் மிகச் சிறியவற்றுள் ஒன்றான .22 தோட்டாவின் குண்டுகூட ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டிப் போய் ஆளைக் காயப்படுத்த வல்லது. பாறையில் பட்டால் திசை மாறித் தெறிக்கும்.

குண்டு முன்னே போகும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. குண்டின் எடையும் வேகமும் கூடினால் உதையும் கூடும். துப்பாக்கி இலேசாக இருந்தால் உதை இன்னும் கடுமையாகும். சிறுவனுக்கு இலேசான துப்பாக்கியே நல்லது என்று வாங்கித் தருபவர் இதை மறந்துவிடுகிறார்.

அமெரிக்காவில் மான் வேட்டை சட்டப்படி நடக்கிறது. அங்கே பண்ணைக் குடும்பத்துப் பிள்ளைகள் பெரியவர் துணையோடு சுடப் பழகுகிறார்கள். அங்குள்ள பழைய பேர்பெற்ற தோட்டா .30-06. முன் எண் குழலின் உள்விட்டத்தை அங்குலத்தில் குறிக்கும். பின் எண் அது வந்த 1906ஆம் ஆண்டைக் குறிக்கும். பழகுகிற பிள்ளைக்கு இதைக் கொடுப்பதை அனுபவசாலிகள் விரும்புவதில்லை. 1955இல் வந்த .243 வின்செஸ்டர் போன்ற சிறிய தோட்டாவைத்தான் தேர்கிறார்கள். இதன் உதை முன்னதில் ஏறத்தாழப் பாதிதான்.

காரணம் தோள் வலி மட்டுமல்ல. நாலைந்து முறை பலமாக உதை வாங்கிய பிள்ளை, அடுத்த முறை விசையை இழுக்கும் முன்பே தன்னையறியாமல் கண்ணை மூடி, தோளைச் சுருக்கி, குழலை அசைத்துவிடும். குறி தப்பும். ஒட்டிக்கொண்ட அந்தப் பயம் எளிதில் போவதில்லை. ஆகவே மிருகத்தை எந்தத் தோட்டா வீழ்த்தும் என்பதற்கு முன்னால், எந்த உதையைப் பிள்ளை கண் மூடாமல் தாங்கும் என்று பார்க்கிறார்கள். இது நல்ல அறிவுதான்.

ஆனால் இதை நம் ஊர்க் கடலைக் காட்டுக்குக் கொண்டுவர முடியாது. நம் பக்கம் உரிமத்தில் கிடைக்கும் 12 போர்த் துப்பாக்கியின் உதை .30-06இன் உதைக்குக் குறைந்ததல்ல. அதில் சிறு ரவைத் தோட்டா போட்டால் உதை சற்றுக் குறையலாம். ஆனால் முற்றிய ஆண் பன்றியின் தோள்பட்டையில் கேடயம்போல் தடித்த பகுதி உண்டு. சிறு ரவை அதில் பட்டால் பன்றி சாகாது. காயத்தோடு புதருக்குள் படுத்துக்கொண்டு, காலையில் தண்ணீர் கட்ட வருபவர்மேல் பாயும். பையன் தோளுக்கு ஏற்ற தோட்டா பன்றிக்குப் போதாது. பன்றிக்குப் போதுமான தோட்டாவைப் பையன் தோள் தாங்காது.

இருட்டையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பழகும் பிள்ளைகளுக்கு அங்கே பகல் வெளிச்சமும், குறிக்குப் பின்னால் குண்டைத் தாங்க மண்மேடும் வேண்டும் என்பது முதல் பாடம். நம் வயல்களிலோ, இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போட வருபவர் வரப்பில் நடந்துகொண்டிருப்பார். மக்காச்சோளத் தட்டை அசைந்தால் அது பன்றியா, பக்கத்துக் காட்டுக்காரரா என்று யார் சொல்வது?

கைவேலைக் கருவிகள்

துப்பாக்கி கிடைக்காத இடத்தில் இளைஞர்கள் பிளாஸ்டிக் குழாயில் கார்பைடு கல்லும் தண்ணீரும் சேர்த்து வெடிக்கச் செய்கிறார்கள். கார்பைடில் தண்ணீர் பட்டால் அசிட்டிலின் வாயு உண்டாகிறது. பற்றவில்லையே என்று குழாய்க்குள் எட்டிப் பார்க்கும் நொடியில் அது பற்றிக்கொள்கிறது. 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் இத்தகைய குழாய்களால் நூற்றுக்கும் மேற்பட்டோர் கண்ணில் காயமடைந்தார்கள். பெரும்பாலோர் சிறுவர்களும் இளைஞர்களும். இதை வீட்டில் செய்ய விடவே கூடாது.

அவுட்டுக்காயும், மின்கம்பியிலிருந்து நேரடியாக இழுத்த வேலியும் இவற்றினும் கொடியவை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் 3 யானைகள் மாண்டன; நிலத்துக்காரர் கைதானார். அதே கம்பியில் சொந்தப் பிள்ளையின் கால் படவும் கூடும்.

காவல் முறைகள்

பன்றிக்குப் பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. வந்த தடத்திலேயே திரும்ப வரும் வழக்கமும் உண்டு. பகலில் வரப்பைச் சுற்றி வந்து குளம்புத் தடத்தையும் புகும் வழியையும் கண்டுபிடிப்பதே இளைஞர் செய்யக்கூடிய முதல் வேலை. முள் அடைப்பு, விளக்கு, சத்தம் எல்லாம் அந்த இடத்தில் இருந்தால்தான் பயன்.

மக்காச்சோளத்தைச் சுற்றி நான்கு வரிசை ஆமணக்கு நெருக்கமாக விதைத்தால் அதன் வாடை உள்ளே இருக்கும் பயிரின் வாடையை மறைக்கும். முடி திருத்தகத்து முடியை ஓரத்தில் தூவுவது, பழைய சேலைகளை வேலியாகக் கட்டுவது ஆகியவை சில நாட்கள் உதவும். மழை பெய்தால் முடியின் வேலை முடிந்தது. எந்த முறையும் பன்றிக்குப் பழகிப்போகும். ஆகவே வாரம் ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். போரேட் குருணையைத் துணியில் கட்டித் தொங்கவிடும் பழைய முறையை இனிப் பின்பற்றக்கூடாது. அந்த மருந்தைப் பயன்படுத்துவது 2020 இறுதியோடு தடைசெய்யப்பட்டுவிட்டது.

சூரியசக்தி வேலி செலவானாலும் பலன் தருவது. அதில் மின்சாரம் விட்டுவிட்டுத் துடிப்பாக வருவதால் அதிர்ச்சி மட்டும் தரும். பன்றிக்கென்றால் கீழ்க்கம்பி முழங்காலுக்குக் கீழே இருக்கவேண்டும். அதைத் தொடும் களையை அடிக்கடி வெட்டவேண்டும். நாலைந்து சிறு விவசாயிகள் சேர்ந்து ஒரே சுற்றாகப் போட்டால் செலவு குறையும். போடுமுன் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறையிடம் பதிவு செய்யவேண்டும்.

காவலுக்குத் தனியாக யாரையும் அனுப்பவேண்டாம். இருவராகப் போய், தரையில் படுக்காமல் பரண்மேல் இருந்து, டார்ச்சும் தகர டின்னும் வைத்துக்கொள்வது நல்லது. குட்டிகளோடு வரும் பெட்டையைத் துரத்திக்கொண்டு ஓடக்கூடாது. யானை நடமாட்டம் உள்ள ஊர்களில் இரவுக் காவலையே வனத்துறையினரைக் கேட்டுக்கொண்டு செய்யவேண்டும்.

சேதம் ஏற்பட்டால் கிளறிய நிலத்தைச் சமன்செய்யுமுன் புகைப்படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் அன்றே எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். சிட்டா, அடங்கல் நகல்களை இணைத்து, மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.