பெடலிற் பூட்டிய பாதம்

சைக்கிள் ஏறுவோர் தடுமாறும்பொழுது காலைத் தரையில் ஊன்றிக்கொள்ளுதலை ஒருவரிடமும் கற்பதில்லை. அஃது இயல்பாகவே அமைந்துவிடுகிறது. பாதத்தைப் பெடலோடு பூட்டிச் செலுத்தும் சைக்கிளிலோ அவ்வியல்பே இடையூறாகின்றது. அதனை வெல்லும் வழியை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

இவ்வகைப் பெடலுக்குக் கிளிப்லெஸ், அஃதாவது கிளிப் இல்லாதது, என்று பெயர். பாதத்தை இறுகப் பற்றுவதற்கு இப்பெயர் வாய்த்தது நகைப்பிற்கிடமானதே. முன்னர்ப் பந்தயக்காரர் பெடலின்மேல் உலோகக் கூடொன்றை அமைத்து, அதனுள் விரல்களை நுழைத்துத் தோல்வாரால் இறுக்கிக்கொண்டனர். அக்கூட்டிற்கே கிளிப் என்று பெயர். இறங்க வேண்டின் குனிந்து வாரைக் கையால் நெகிழ்த்தல் வேண்டும். பிரான்சு தேசத்து நெவேர் நகரில், பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலணியோடு பிணைக்கும் கருவிகளைச் செய்துவந்த லுக் என்னும் கம்பெனியார், அத்தொழிலிற் கண்ட உபாயத்தையே சைக்கிளுக்கும் பயன்படுத்தி 1984-ஆம் ஆண்டில் புதிய பெடலை வெளியிட்டனர். சறுக்கி வீழ்வோனுடைய கால் முறியாதிருக்கும்பொருட்டு, முறுக்குண்டவுடன் விட்டுக்கொடுக்கும் பிணைப்பே அவ்வுபாயம். மறு ஆண்டில் பெர்னார் ஈனோ அப்பெடலைக் கொண்டு பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தில் வென்றார். 1990-இல் ஷிமானோ என்னும் ஜப்பானியக் கம்பெனியார், காலணியின் அடிக்குள்ளே அடங்கும் சிறு உலோகத் தகட்டோடு கூடிய பெடலைக் கொணர்ந்தனர். அதனை அணிந்து நடக்கவும் இயலுமாதலின், பழகுவோர்க்கு அதுவே ஏற்றது என்பது நம் கருத்து.

நிற்க. பூட்டுதல் எளிது, தகட்டின் முனையைப் பெடலிற் செருகி அழுத்தினால் 'டக்'கென்று பொருந்தும். விடுவித்தலே வித்தை. காலை மேலே இழுத்தால் வாராது. பின்னே இழுத்தாலும் வாராது. குதிகாலைப் புறத்தே திருப்பினால் மட்டும் வில் இளகி விடும். அஞ்சிய காலோ பழைய நினைவால் மேல்நோக்கியே இழுக்கும்.

இதனாலேயே புதியோர் விரைந்து செல்லுங்கால் வீழாமல், நிற்குமிடத்தில் வீழ்கின்றனர். ஓடும் வண்டி ஒருபுறம் சாய்ந்தால், கைப்பிடியை அப்புறமே சிறிது திருப்பிச் சக்கரங்களை நம் எடையின் கீழ்க் கொணர்கிறோம். வண்டி நின்றபின் அவ்வுதவி இல்லை. நாற்சந்தியில், பின்னே லாரி வருங்கால் இவ்வாறு சாய்தல் விளையாட்டன்று.

ஆகவே முதலிற் சுவரைப் பற்றி நின்று, பெடலிலுள்ள வில்லின் இறுக்கத்தைத் திருகாணியால் மிகவும் தளர்த்தி, ஒவ்வொரு காலையும் பலமுறை பூட்டி விடுவித்தல் வேண்டும். பின்னர்ப் புல்வெளியில் ஒரு காலை மட்டும் பூட்டி ஓட்டுக. நிற்பதற்குப் பல கஜம் முன்னரே காலை விடுவித்து, விடுவித்த பக்கமே சாய்ந்து இறங்குக. பூட்டிய பக்கம் உடல் சாய்ந்துவிடின், மறுகால் விடுதலையாயிருந்தும் பயனில்லை. புறப்படுகையில் இரண்டாம் கால் உடனே பொருந்தாவிடினும் குனிந்து பாராது மிதித்துக்கொண்டே செல்க. வேகம் வந்தபின் பூட்டிக்கொள்ளலாம்.

பூட்டிய காலால் பெடலை மேலே இழுத்து இருமடங்கு வலிமை பெறலாம் என்று சிலர் கூறுவர். இதனை நாம் ஒப்புவதற்கில்லை. சமமாக ஓட்டுங்கால், தேர்ந்தவர்க்கும் கீழ்நோக்கிய மிதியே பெரும்பாலான வேலையைச் செய்கிறது. எழும் கால் தன் பாரத்தைத் தானே தூக்கிக்கொள்வதோடு அமையும். கரடுமுரடான பாதையிலும் விரைந்த சுழற்சியிலும் பாதம் வழுவாதிருத்தலே உண்மையான ஆதாயம். கடைவீதிக்குச் சென்று மீள்பவர்க்குச் சாதாரணப் பெடலே போதும்.

இன்னும் ஒன்று. தகட்டைக் காலணியோடு பிணைக்கும் திருகாணிகளை அடிக்கடி பார்த்துக்கொள்க. அவற்றுள் ஒன்று கழன்று வீழ்ந்தால், குதிகாலைத் திருப்புங்கால் காலணி மட்டும் சுழலும். தகடு பெடலிலேயே நின்றுவிடும். அவ்வேளையில் காலணியினின்று பாதத்தை உருவிக்கொள்வதன்றி வேறு வழியில்லை.

சில வாரங்களில் இவையெல்லாம் நினையாமலே நிகழும். அதன்பின் சாதாரணச் சைக்கிளில் ஏறினாலும், நிற்குமிடத்தில் குதிகால் தானே புறத்தே திரும்புதலைக் காணலாம்.