மஞ்சள் அட்டையும் மாத்திரை அட்டையும்: விமானம் ஏறுமுன் செய்ய வேண்டியவை

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து நைஜீரியாவுக்கு இயந்திரம் பொருத்தப் போகிறவர், மகள் பிரசவத்துக்காக ஆவடியிலிருந்து அமெரிக்கா கிளம்பும் அம்மா, பூந்தமல்லியிலிருந்து துபாய் வேலைக்குப் போகும் இளைஞர் என யாராக இருந்தாலும் விசா, டிக்கெட், லக்கேஜ் எடை எல்லாம் பார்த்து முடித்துக் கடைசி வாரத்தில்தான் ஊசியையும் மாத்திரையையும் நினைக்கிறார்கள். அந்த ஒரு வாரம் போதாது. பயண நாளிலிருந்து பின்னோக்கி ஆறு வாரம் எண்ணுங்கள். அன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் போகும் நாட்டை மட்டுமல்ல, போகும் வழியையும் எழுதிக்கொள்ளுங்கள். நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ விமானம் மாற 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால், அடுத்து இறங்கும் நாடு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கலாம். தென் ஆப்பிரிக்கா கேட்கும். டிக்கெட்டைப் பதிவு செய்யும்போதே இதைப் பாருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி

ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கும் பிரேசில் போன்ற தென் அமெரிக்க நாடுகளுக்கும் போகிறவர்களுக்கு இதுதான் தலையாய வேலை. பக்கத்துத் தெரு கிளினிக்கில் போட்டுக்கொண்டால் செல்லாது. மத்திய சுகாதார அமைச்சகம் அங்கீகரித்த மையத்தில் போட்டு, அங்கே தரும் மஞ்சள் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். சென்னையில் பலரும் போவது கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கும் ராஜாஜி சாலையில் உள்ள துறைமுக சுகாதார அலுவலகத்துக்கும். 1899-இல் தொடங்கி, ஒரு காலத்தில் பெரியம்மைத் தடுப்பு மருந்து தயாரித்த நிறுவனம் கிங் இன்ஸ்டிடியூட். பூந்தமல்லிக்காரர்களுக்குப் போரூர், கத்திப்பாரா வழியாகக் கிண்டி வசதி. ஆவடி, அம்பத்தூர்காரர்கள் ரயிலில் கடற்கரை நிலையம் வரை போனால் ராஜாஜி சாலை பக்கம்.

நினைத்த நாளில் போய் நின்றால் ஊசி கிடைக்காது. இந்த மருந்து ஒரே குப்பியில் பல பேருக்கான அளவு வரும் உலர் மருந்து. கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மீந்ததைக் கொட்டத்தான் வேண்டும். அதனால் ஆட்களைச் சேர்த்துக் குறிப்பிட்ட நாட்களில்தான் போடுகிறார்கள். நாள், நேரம், கட்டணம், முன்பதிவு ஆகியவற்றை மையத்திடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பாஸ்போர்ட் அசலும் நகலும் கையில் இருக்கட்டும். அட்டையில் எழுதும் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் மூன்றையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் உடனே திருத்தச் சொல்லுங்கள்.

ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். 1-ஆம் தேதி போட்டால் 11-ஆம் தேதி முதல். முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை மீண்டும் போட வேண்டியிருந்தது. 2016 ஜூலை 11 முதல் ஒரு ஊசியே ஆயுள் முழுமைக்கும் போதும். ஆகவே பழைய அட்டை வீட்டில் இருந்தால் தேடி எடுங்கள்.

இது உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமியால் ஆன மருந்து. முட்டை கடுமையாக ஒவ்வாதவர்கள், கர்ப்பிணிகள், கீமோதெரபி எடுப்பவர்கள், எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள், முதன்முறையாகப் போட்டுக்கொள்ளும் 60 வயது கடந்தவர்கள் ஆகியோர் ஊசிக்கு முன் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சென்ற மாதம் வேறு உயிர்த் தடுப்பூசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே நாளில் போடலாம், இல்லையென்றால் நான்கு வார இடைவெளி தேவை.

சான்று இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பினால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். இந்தக் கண்டிப்பு நியாயமானது என்பேன். இந்த நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் தண்ணீர் டிரம்மிலும் மொட்டைமாடி டயரிலும் ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது. நோய் மட்டும்தான் இன்னும் இங்கே வரவில்லை.

மற்ற ஊசிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹஜ், உம்ரா பயணிகளுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி, சவுதி போய்ச் சேருவதற்குக் குறைந்தது பத்து நாளுக்கு முன். அமெரிக்கக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு எம்எம்ஆர் இரண்டு தவணை, நடுவே குறைந்தது 28 நாள்.

மாத்திரைகள்

நம் மெடிக்கலில் பத்து மாத்திரை அட்டையைக் கத்திரிக்கோலால் வெட்டி ஆறு கொடுப்பார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் மீதித் துண்டோடு போய்விடும். பயணத்துக்கு வாங்கும்போது முழு அட்டையாக, பில்லோடு வாங்குங்கள். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி எடுத்துப் போகாதீர்கள். பெயரில்லாத வெள்ளை மாத்திரையை எந்த சுங்க அதிகாரியும் நம்ப மாட்டார்.

டாக்டரிடம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த கடிதம் கேளுங்கள். என்ன நோய், மருந்தின் மூலப்பெயர், வேளைக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை மாத்திரை, டாக்டரின் பதிவு எண், கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். நாம் வாங்கும் பிராண்டு பெயர் வெளிநாட்டில் யாருக்கும் தெரியாது. நம் ஊர் சீட்டில் ‘எஸ். குமார்’ என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அந்த எஸ் முழுப்பெயராக விரிந்திருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் இந்த இடத்தில் நிதானியுங்கள். சுகர்காரர்களுக்குக் கால் எரிச்சலுக்கு எழுதும் ‘நரம்பு மாத்திரை’யில் பல நேரம் பிரெகாபலின் இருக்கும். வலி மாத்திரையில் டிரமடால், இருமல் டானிக்கில் கோடீன், தூக்க மாத்திரையில் அல்பிரசோலாம் இருக்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் இவை கட்டுப்பாட்டு மருந்துகள். முன் அனுமதியை இணையத்திலேயே கேட்கலாம். சிங்கப்பூரில் கோடீன், டயசிபாம் போன்றவற்றுக்கு அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி தேவை. பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் மருந்து கொண்டுபோகவும் முடியாது. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ள மூலப்பெயர் ஒவ்வொன்றையும் அந்த நாட்டு அரசுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அனுமதி கிடைக்காது என்று தெரிந்தால் மாற்று மருந்து கேளுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், இவற்றில் சிலவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசகசா இருந்தால் அமீரகத்துக்கும் சவுதிக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுபோகவே கூடாது. அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். இன்னொருவர் கொடுத்தனுப்பும் மருந்துப் பார்சலை, எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும், வாங்காதீர்கள். உங்கள் பெட்டியில் இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு. முகம் முறிந்தாலும் பரவாயில்லை.

அமெரிக்காவில் ஆறு மாதம் தங்கப் போகும் பெற்றோர் 90 நாளுக்கான மருந்தைக் கையோடு கொண்டுபோகலாம். மீதியை மருந்துச் சீட்டு, டாக்டர் கடிதம், பாஸ்போர்ட், விசா நகல்களோடு பிறகு கூரியரில் வரவழைக்கலாம்.

இன்சுலினைக் கைப்பையில்தான் வையுங்கள். சரக்குப் பகுதியின் குளிரில் உறைந்துபோனால் அது பயன்படாது, ஐஸ் பொட்டலத்தோடு நேராக ஒட்டி வைத்தாலும் அதே கதி. ஊசிகளுக்கும் டாக்டர் கடிதத்தில் ஒரு வரி வேண்டும். நேர வித்தியாசத்துக்கு ஏற்ப எந்த வேளைக்கு எவ்வளவு என்பதை டாக்டரிடமே எழுதி வாங்குங்கள்.

ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிய சில வாரங்களில், ஏன் சில மாதங்களில்கூட, காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையாக எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இங்கே டெங்குவைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். ஆப்பிரிக்க மலேரியா சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். அன்றைக்கே மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.