யானையும் திருக்கையும்

‘குட்டி போடுபவை பாலூட்டிகள், முட்டையிடுபவை மற்றவை.’ ஆறாம் வகுப்பில் பல ஆண்டுகள் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். சென்ற பருவத் தேர்வில் யானையையும் மீனையும் ஒப்பிடச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி, ‘யானையும் குட்டி போடும், திருக்கையும் குட்டி போடும்’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்தேன். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் அவள் அம்மா, சம்பளம் வாங்கிய சனிக்கிழமை சிவகாசிச் சந்தையில் திருக்கை வாங்கினாராம். அறுத்தபோது வயிற்றில் குட்டி இருந்ததாம். “முட்டையாக இருக்கும், உட்கார்” என்றேன். அதன்பின் அவள் கையை உயர்த்தவே இல்லை.

உறுத்தலாக இருந்ததால் புத்தகங்களைப் புரட்டினேன். தவறு என்னுடையதுதான். வாலில் நச்சு முள் உள்ள திருக்கைகள் குட்டி ஈனுகின்றன. முட்டை தாயின் கருப்பைக்குள்ளேயே பொரிகிறது. மஞ்சள்கரு தீர்ந்ததும், கருப்பைச் சுவரில் சுரக்கும் பால் போன்ற சத்துநீரைக் கொண்டு குட்டி வளர்கிறது. ஆனால் அங்கே நஞ்சுக்கொடியும் இல்லை, பால் சுரப்பியும் இல்லை. பிறந்த குட்டி தன் இரையைத் தானே தேடிக்கொள்ள வேண்டும்.

யானைக் கருவோ நஞ்சுக்கொடி வழியாக 18 முதல் 22 மாதங்கள் வளர்கிறது. பிறந்தபின் தாயின் முன்னங்கால்களுக்கு இடையே உள்ள மடியில் வாயால் பால் குடிக்கிறது. (எப்படிக் குடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள், பாதி வகுப்பு ‘தும்பிக்கையால்’ என்றே சொல்லும்.)

அடுத்த பாடவேளையில் வகுப்பில் மன்னிப்புக் கேட்டு, மதிப்பெண்ணையும் திருத்தினேன். அவளையே கரும்பலகையில் திருக்கை வரையச் சொன்னேன். வாயும் ஐந்து இணை செவுள் பிளவுகளும் அடிப்பக்கம்; கண்ணுக்குப் பின்னால், மேல்பக்கம் இரண்டு துளைகள். மணலில் புதைந்து கிடக்கும்போது அத்துளைகள் வழியாகத்தான் நீரை இழுக்கும். “நீந்தும்போது யானை தும்பிக்கையை மேலே தூக்கி மூச்சுவிடுற மாதிரி சார்” என்றான் ஒருவன். அந்த ஒப்பீடு எனக்குத் தோன்றியிருக்காது. யானைக்கு நுரையீரல், இதற்குச் செவுள் என்பதை மட்டும் சேர்த்துச் சொன்னேன். திருக்கைக்கு எலும்பே இல்லை, எல்லாம் குருத்தெலும்பு என்றதும் எல்லோரும் தங்கள் காதுமடலை மடக்கிப் பார்த்துக்கொண்டார்கள்.

மீனை வகுப்புக்குக் கொண்டுவர நினைக்கும் ஆசிரியர்கள், வால் முள் வெட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செத்த மீனின் முள்ளிலும் நஞ்சு இருக்கும்.

மணி அடிக்கும் நேரத்தில் அவள் கையை உயர்த்தினாள். “அப்போ முட்டை போட்டுப் பால் கொடுக்கிற பிராணியும் இருக்குமா சார்?”

கரும்பலகையில் ‘வாத்தலகி’ என்று எழுதி, ‘நாளை’ என்று அடிக்கோடிட்டேன்.